மயிலுக்குப் போன ரேடியோ

கலியாணம் முடிந்த கையோடு கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்கராயன் கிராமத்து வீட்டில் அவரின் தாயான மாமியும் நானும்தான். மாமி அளந்துதான் கதைப்பார். அதனால் குசினியில் இருந்த ரேடியோதான் எனக்குத் துணை. கணவரும் அங்கே லொறி ஓட்டிக்கொண்டு கைபேசியில் அதே நிலையத்தைக் கேட்பார். இங்கே பாடுகிற பாட்டு இப்போது அவர் காதிலும் விழுகிறது என்று நினைத்தாலே போதும், தேங்காய் துருவுகிற கை தானாகத் தாளம் போடும்.

நெல் முற்றியதும் மாமி அந்த ரேடியோவைக் கொண்டுபோய் வயல் நடுவே ஒரு கம்பில் கட்டிவிட்டார். மயில் கலைக்கவாம். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். ஆனால் மாமிக்கு ஒரு கொள்கை.

"பாட்டுக்கு மயில் பயப்பிடாது பிள்ளை. ஆக்கள் கதைக்கிற சத்தம்தான் வேணும்."

நாள் முழுக்கச் செய்தி ஓடுகிற நிலையத்தில் வைத்து, யாரும் மாற்றாதபடி திருகில் நூல் சுற்றி முடிச்சும் போட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மயிலுக்கு எதற்கு அரசியல்?

எங்கள் முதலாவது கலியாண நாளுக்கு முதல்நாள் கணவர் கைபேசியில் எடுத்தார். "நாளைக்குப் பின்னேரம் உமக்கு ஒரு பாட்டுக் கேட்டிருக்கிறன். குசினியில ரேடியோவைப் போட்டு வையும்."

ரேடியோ வயலுக்குப் போனதைச் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. கைபேசியில் கேட்கலாமென்றால் எங்கள் வளவுக்குள் இணையம் வராது. மாமியிடம் கேட்கவோ வெட்கம்.

மறுநாள் மாமி கண்ணயர்ந்ததும் வரம்பால் ஓடினேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அறுத்து எங்கள் நிலையத்துக்குத் திருகினேன். அறிவிப்பாளர் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார், கட்டாரிலிருந்து ஒரு கணவர் அக்கராயனில் இருக்கும் தன் மனைவிக்காகக் கேட்ட பாட்டு என்று. மயிலுக்கென்று கூட்டிவைத்த சத்தமல்லவா, பக்கத்து வயல்களில் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிது சந்தோஷம். வரம்பிலேயே குந்தியிருந்து அழுதுகொண்டே சிரித்தேன். மாமி சொன்னதும் சரிதான். இரண்டு மயில்கள் பாட்டைச் சட்டைசெய்யாமல் கதிரை உருவிக்கொண்டிருந்தன.

திரும்பினால் மாமி தடியோடு நிற்கிறார். நான் பதறிச் செய்திக்கு மாற்றத் திருகைப் பிடித்தேன்.

"விடு, கிடக்கட்டும்."

தடியை ஆட்டி மயில்களைக் கலைத்தார். பிறகு என் முகத்தைப் பாராமலே சொன்னார்:

"அடுத்தமுறை அவன் எடுத்தா, அம்மாவுக்கும் ஒரு பாட்டுக் கேக்கச் சொல்லு பிள்ளை."