மஸ்கட்டிலிருந்து வந்த ஃபைல்

2001-ல், கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்த நேரம். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு மாடியறையில் என் அண்ணன் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். நாலு கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான்தான் பகலில் அங்கே உட்காருவேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவருடைய ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். மகள் ஆங்கிலத்தில் அனுப்பும் மெயிலை நான்தான் படித்துச் சொல்வேன். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். சில நாட்களாக மெயிலும் இல்லை, போனும் இல்லை. கடைசியாகப் பேசியபோது, வயிற்றில் ஏதோ கட்டி மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாளாம். டெலிபோன் பூத்திலிருந்து மகளின் ஹாஸ்டலுக்கு அடித்துப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை.

மகள் பெயரில் மெயில் வந்திருந்தது. ஆனால் படிக்க முடியவில்லை. திரை முழுக்கத் தலையில் புள்ளியும் கோடும் முளைத்த ஆங்கில எழுத்துகள், அர்த்தமே இல்லாமல். மேலே மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி: இணைத்திருக்கும் ஃபைலைத் திறந்தால் இதைப் படிக்கலாம். அந்த ஃபைல் ஒரு எக்ஸி ஃபைல். அதாவது, கிளிக் செய்த உடனே தானாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம்.

எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நாள் முன்புதான் ஒரு கஸ்டமர், ஏதோ பொம்மைப் படம் என்று நினைத்து, மெயிலில் வந்த இதே மாதிரி ஃபைலைக் கிளிக் செய்தார். நாலு கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. அவற்றை பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த அண்ணன், திரும்பி வந்ததும் எக்ஸி ஃபைலை யாரும் தொடக்கூடாது என்று கடைக்குச் சட்டமே போட்டுவிட்டார்.

அன்றும் எட்டிப் பார்த்தார். "டெலீட் பண்ணிடு. அந்தப் பொண்ண இங்கிலீஷ்லயே திருப்பி எழுதச் சொல்லு."

அந்த அம்மாவோ என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னா பாப்பா யோசிக்கிற? என் பொண்ணு அனுப்பினதும்மா. தொற. அவளுக்கு இன்னா ஆச்சோ ஏதாச்சோ!"

இருவர் சொன்னதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதில் இருப்பது அவருடைய மகளின் கடிதமாகவே இருந்தால், அதை அழிக்க நாங்கள் யார்? வைரஸாக இருந்தால், கடையே போய்விடும். இது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

"ஆன்ட்டி, உக்காருங்க. இத படிக்காம உங்கள அனுப்ப மாட்டேன். ஆனா செக் பண்ணிட்டுத்தான் தொறப்பேன்" என்றேன்.

முதலில் மகளுக்கே பதில் போட்டேன்: இதை அனுப்பியது நீங்கள்தானா, இது என்ன ஃபைல்? பிறகு ஃபைலைத் திறக்காமல் அதன் விவரத்தை மட்டும் பார்த்தேன். தமிழ் எழுத்துரு, அதாவது ஃபான்ட், என்று போட்டிருந்தது; அது ஏறாத கம்ப்யூட்டரில் அப்போதெல்லாம் தமிழ் இப்படிக் குப்பையாகத்தான் தெரியும். பெயரை யார் வேண்டுமானாலும் போடலாமே. ஆன்டிவைரஸை ஓட்டினேன், ஒன்றுமில்லை என்றது. போன முறையும் அது வைரஸைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் புது வைரஸ் எதுவும் அதற்குத் தெரியாது. புதிய அப்டேட்டை இறக்கினால்தான் நம்பலாம்.

இறக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி வந்ததும் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அறுந்தது. வந்த கஸ்டமர்களெல்லாம் இன்டர்நெட் நகரவில்லை என்று திரும்பிப் போனார்கள்.

"சனிக்கிழமை கூட்டத்த விட்டுட்டு இன்னா பண்ற நீ?" என்று அண்ணன் கத்தினார். நான் மறுபடி டயல் செய்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அண்ணனே கஸ்டமர்களை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் அப்டேட் முழுதாக வந்து சேர்ந்தது. சோதித்தேன். ஃபைல் சுத்தம். அப்போதும் மனம் கேட்கவில்லை. அந்த நாலு போக, பசங்கள் டைப்பிங் பழகுவதற்காக மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு எந்த இணைப்பும் இல்லை. போனாலும் அது ஒன்றுதான் போகும். ஃபைலையும் கடிதத்தையும் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு எழுந்தபோது மகளின் பதில் வந்தது.

"நான்தான் அனுப்பினேன். தமிழ் எழுத்து அது. தயவுசெய்து அம்மாவையே படிக்கச் சொல்லுங்கள்."

பழைய கம்ப்யூட்டரில் ஃபைலை ஓட்டினேன். எழுத்துரு ஏறியது. கடிதத்தைத் திறந்து அந்த எழுத்துருவுக்கு மாற்றியதும், அத்தனை நேரம் குப்பையாகக் கிடந்தது எல்லாம் ஒரே நொடியில் தமிழாகி நின்றது.

அந்த அம்மா திரையில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார். கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். சோதித்ததில் பயப்படும்படி ஒன்றுமில்லை. இத்தனை நாளும் படுக்கையில்தான் இருந்திருக்கிறாள். 'இதை நீ இன்னொருத்தர் வாயால் கேட்கக் கூடாதும்மா, அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்' என்ற வரிக்கு வந்ததும் அவர் குரல் உடைந்தது. நானும் அண்ணனும் வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டோம்.

சில வாரம் கழித்து மகளின் முகவரியிலிருந்தே இன்னொரு எக்ஸி ஃபைல் வந்தது. தெரிந்த இடம்தானே என்று நான் மவுஸை நகர்த்தினேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு பாப்பா. மொதல்ல அவள கேளு."

கேட்டோம். அவள் எதுவுமே அனுப்பவில்லையாம். அவள் வேலை செய்யும் இடத்துக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அவள் பெயரில் எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டிருந்ததாம்.

இப்போது நான் பெங்களூரில் ஓர் ஆபீஸில் வேலை செய்கிறேன். தெரியாத ஃபைல் எது வந்தாலும், அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்த குரலும் என் மணிக்கட்டை இறுக்கிய பிடியும் சேர்ந்தே நினைவுக்கு வருவதால், என்னவென்று பார்க்காமல் நான் எதையும் திறப்பதுமில்லை, பார்க்காமல் தூக்கி எறிவதுமில்லை.