நான் திறந்து வைத்த பின்கதவு

போன ஆண்டு தீபாவளி முடிந்த மறுவாரம். சிவகாசியில் சீசன் ஓய்ந்து, கம்பெனி வேன்கள் ஓடாமல், தெருவே அசந்து கிடக்கும் நாட்கள் அவை. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் பத்து நாள் லீவில் வந்திருந்தாள். வரும்போது தோழியிடம் இரவல் வாங்கிய வி.ஆர். கருவி ஒன்றையும் கொண்டுவந்தாள். கண்ணை முழுக்க மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி. மாட்டிக்கொண்டால் நாம் நிற்கிற வீடு மறைந்து வேறோர் உலகம் தெரியும். அதற்குள் நின்று கையை வீசி விளையாடலாம்.

நாங்கள் இருப்பது மாடி வீடு. ஹால் பத்தடிக்குப் பத்தடி. அதில் சோபா, டி.வி. மேஜை, என் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து வந்த காலண்டர் கட்டுகள். ஆறரை அடிக்கு ஆறரை அடியாவது தரை காலியாக வேண்டும் என்றாள் மகள். சோபாவை அடுப்படிப் பக்கம் தள்ளினோம். காலண்டர்களைக் கட்டிலுக்கு அடியில் செருகினோம். ஃபேனில் கை படுமா என்று அவள் எம்பிப் பார்த்துக்கொண்டாள். அப்படியும் இடம் பின்கதவு வரைக்கும்தான் கிடைத்தது. அந்தக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தளம், அதையொட்டி மாடிப்படி. கதவைச் சாத்திவிட்டு, கருவியை மாட்டிக்கொண்டு தரையைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்தாள். அந்தக் கோடு அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். குறுக்கே வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

எனக்கு மூடிய கதவு ஆகாது. பிளஸ் டூ முடித்து, அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு சேர்ந்த காலத்தில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். ஓர் அறைக்கு நான்கு பேர், நான்கு பக்கமும் வாசல். ஆளுக்கொரு வாசலோரம் உட்கார்ந்திருப்போம். வாசலை மறித்துத் தூக்குவாளியைக்கூட வைக்க விடமாட்டார்கள். எங்களில் ஒருத்தி வாய் ஓயாதவள். “எனக்கு மாப்பிள்ள வந்தா எந்த வாசல் வழியா வருவான்டி?” என்று தினமும் கேட்பாள். தினமும் சிரிப்போம்.

ஒரு நாள் அறைக்குள் பொறி பறந்தது. யோசிக்கக்கூட இல்லை. ஆளுக்கொரு வாசலில் பாய்ந்து ஓடினோம். கரிசல் காட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் அறை எரிகிறது. நாங்கள் நான்கு பேரும் இருக்கிறோம். மூச்சு வாங்கிக்கொண்டே அவள், “மாப்பிள்ள எவனும் உள்ள வரல. நாமதான்டி வெளிய வந்துருக்கோம்” என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம். இன்றைக்கும் அந்த மூன்று பேரின் முகத்தை நினைத்தால் வேறெதுவும் வேண்டாம் போல இருக்கும். அன்றிலிருந்து பகலில் என் வீட்டில் எந்தக் கதவும் மூடியிருக்காது.

அப்படிப்பட்ட நான், கண்ணை மறைத்துக்கொண்டு சாத்திய அறைக்குள் மகள் சுழல்வதை எவ்வளவு நேரம் பார்ப்பேன்? மூச்சு முட்டியது. அவள் முன்வாசல் பக்கம் திரும்பியிருந்தபோது சுவரோரமாகப் போய், பின்கதவை ஓசையில்லாமல் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். காற்று வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

விளையாட்டில் அவள்மேல் என்ன பாய்ந்ததோ, சட்டென்று பின்வாங்கினாள். கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை தெரியுமாம். அது தெரிந்து கால் நிற்பதற்குள் கதவு நிலையைத் தாண்டிவிட்டாள். குதிகால் மேல்படியின் விளிம்பில் இருந்தது. அடுப்படியிலிருந்து நான் எட்டிப் பிடிக்க முடியாத தூரம்.

மொட்டைமாடியில் துணி காயப்போட வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்த கீழ்வீட்டுப் பெண், வாளியை அப்படியே விட்டுவிட்டுத் தோளால் அவள் முதுகைத் தாங்கி, வீட்டுக்குள் தள்ளினார். வாளி ஒவ்வொரு படியாக உருண்டு கீழே போகும் சத்தம் கேட்டது. மகள் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தாள்.

“அம்மா, யாரோ பின்னாடி பிடிக்கிற மாதிரி நெசமாவே இருக்கு.”

நான் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“என்னக்கா, புள்ள கண்ணக் கட்டி மாடிப்படில விட்டுட்டு அங்கன இருந்து வேடிக்க பாக்கீக?” என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் படியில் இறங்கினார். அங்கே சிதறிக் கிடந்த துணிகளைப் பொறுக்கினார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அன்று அந்தத் துணிகளை நான்தான் மறுபடி அலசிக் கொடுத்தேன். வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மகள் கண்ணாடியைக் கழற்றினாள். திறந்த கதவையும் படியையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. யார் திறந்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

“முதுகு கதவுல முட்டுனா நின்னுருவேன்னுதாம்மா சாத்தி வச்சேன்.”

கரிசல் காட்டுக் கதை அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் அவள் என்னிடம் ஒரு கால்மிதி கேட்டாள். ஹாலின் நடுவில் அதைப் போட்டு, அதன்மேல் நின்றாள். கால் அதைவிட்டு இறங்கினால் நடுவிலிருந்து விலகிவிட்டோம் என்று தெரிந்துவிடுமாம். பின்கதவை இந்தமுறை நானே சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். பிறகு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து, நிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனியில் இப்படி வாசலை மறித்து யாரையும் உட்கார விடமாட்டார்கள். அவள் ஆடி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

என்னைக் காப்பாற்றிய பழக்கம் என் மகளையும் காப்பாற்றும் என்று அவளைக் கேட்காமலே நான் முடிவு செய்திருந்தேன். இப்போதும் எந்தத் தாழ்ப்பாளில் கை வைத்தாலும், உள்ளே இருப்பவர்களைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.