வழி சொல்லிக்கொண்டே தூங்கியவர்கள்

செய்தி வந்தபோது மத்தியானம் மூன்றேகால். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்காவின் எண்ணிலிருந்துதான் அழைப்பு. எடுத்தால் ஓர் ஆண் குரல்.

"தங்கச்சியாம்மா? நான் ஆபரேஷன் தியேட்டர்ல பம்ப் பார்க்கிறவன். கொஞ்சம் உட்கார்ந்துக்கிட்டுக் கேளும்மா."

மாடியில் உட்கார எதுவும் இல்லை. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டேன். அறுவை முடிந்த நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு உடை மாற்றப் போன அக்கா, அங்கேயே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அத்தனை டாக்டர்கள் இருக்கிற கட்டடம். ஓடிவந்து பார்த்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா இதய அறுவைக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டர். சொந்தக்காரர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "ஆபரேஷன் பண்றவர் வேற. நீ ஊசி போட்டுட்டு வந்துடுவே, அப்படித்தானே?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார்.

"அவர் தைக்கிறார் சித்தப்பா. தைச்சு முடிக்கிற வரைக்கும் ஆளை நான் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் வீட்டில்தான் இருந்தாள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு என் பக்கத்தில் சோபாவில் உட்காருவாள். கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். நான் டிவி பார்ப்பேன், அவள் என் நாடியைப் பார்ப்பாள். பேச்சு மட்டும் வராது. என் கணவர் விடமாட்டார்.

"அண்ணி, எங்களையும் மனுஷனா மதிச்சு நாலு வார்த்தை பேசுங்களேன்."

"காலையிலேயே பேசித் தீர்த்தாச்சு தம்பி."

"யார்கிட்ட? அங்க இருக்கிறவங்கெல்லாம் மயக்கத்துல கிடக்கிறவங்கதானே?"

"மயங்கறதுக்கு முன்னாடி பேசுவேன்."

"அப்படி என்னக்கா பேசுவே?" என்று நான் கேட்டால், "உனக்கெதுக்குடி? உனக்கென்ன நெஞ்சைத் திறக்கப் போறாங்களா?" என்று தலையில் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள் போனபின் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வீட்டுக்கு மிச்சம் வைக்காமல் அங்கே அவள் பேசித் தீர்த்த பேச்சு. அதைக் கேட்டவர் யாராவது ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டும், அவள் சொன்ன மாதிரியே.

ஒரு வாரம் கழித்து, அவள் அலமாரியைக் காலி செய்துகொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பம்ப் அண்ணன்தான் கூட வந்தார். இதயத்தை நிறுத்திவைத்துத் தைக்கும் நேரத்தில், அதன் வேலையைச் செய்யும் இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். அக்காவோடு பல வருஷம் ஒரே அறையில் நின்றவர். அலமாரியில் ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு ஸ்வெட்டர், பாதி தீர்ந்த கைக்களிம்பு. ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, தூங்க வைக்கும்போது அக்கா என்ன பேசுவா?"

அவர் சிரித்தார். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வழி கேட்பாங்கம்மா."

"என்ன வழி?"

"மத்தவங்க ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுவாங்க. உங்க அக்காவுக்கு அது பிடிக்காது. 'பரீட்சை ஹால்ல உட்கார வச்ச மாதிரி பயந்துடுவாங்க'ம்பாங்க. தலைமாட்டுல நின்னுக்கிட்டு, 'பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். உங்க வீட்டுக்கு எப்படி வரணும்? வழி சொல்லுங்க'ன்னு கேட்பாங்க. அவங்க சொல்லச் சொல்ல மருந்து ஏறும். ரெண்டாவது திருப்பம் வரைக்கும் வருவாங்க. மிஞ்சினா மூணாவது. வாசல் வரைக்கும் சொல்லி முடிச்சவங்க யாருமே இல்ல."

"அப்புறம்?"

"முழிச்சதும், வாயில வச்ச மூச்சுக் குழாயெல்லாம் எடுத்தப்புறம் போய் நின்னு, 'மிச்ச வழி என்ன?'ன்னு கேட்பாங்க. முன்னாடி சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது, அந்த மருந்து அப்படி. ஆனா மிச்சத்தைச் சரியாச் சொல்லிட்டா மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். அப்புறம்தான் சாப்பிடவே போவாங்க."

ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பேர் வீட்டுக்கு அவள் பாதி வழி போயிருக்கிறாள். என்னிடம் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளிடம் யார் வழி கேட்பார்கள்?

"கடைசியா அவ தூங்க வச்சவர் யாருண்ணா?"

பூட்டு ரிப்பேர் செய்கிறவர். வால்வு மாற்றியிருந்தார்கள். இன்னும் வார்டில்தான் இருந்தார், ஜன்னலோரக் கட்டிலில், நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு. பம்ப் அண்ணன் நான் யாரென்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"அக்கா உங்ககிட்ட வீட்டுக்கு வழி கேட்டாளாமே?" என்றேன்.

"என்கிட்டயா?"

"ஆமாய்யா" என்றார் பம்ப் அண்ணன். "எதிர்ச்சாரிக்கு வந்தா தண்ணித் தொட்டி வரும், அதுக்கு இடது பக்கம்னு சொன்னீங்க. அதோட தூங்கிட்டீங்க."

"இடது பக்கமா?" மனைவி முந்திக்கொண்டாள். "வலது பக்கம்மா. இந்த மனுஷன் பேச்சைக் கேட்டு வந்திருந்தா டாக்டரம்மா சாக்கடையிலதான் நின்னிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெகுநேரம் யோசித்தார். எனக்காகத்தான் யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. மேல லைட்டு வரிசையா ஓடிச்சு. அவ்வளவுதாம்மா இருக்கு. மன்னிச்சுக்கோங்க."

"குரல்கூட இல்லையா?"

"இல்லம்மா."

அவள் வேலையை அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் பேசினது ஞாபகம் இருக்கு" என்றார். "வாயைத் திறக்கச் சொன்னாங்க. கீழே முன்பல் ஒண்ணு ஆடிக்கிட்டிருந்தது. 'குழாய் வைக்கும்போது இது உள்ளே போயிடக் கூடாது, நூல் கட்டி வச்சுடறேன்'னாங்க. 'தூங்கறவனுக்கு எதுக்கும்மா அலங்காரம்?'னேன். 'சும்மா இருங்க, பூட்டுக்காரரே. முழிச்சதும் நானே வந்து அவுத்து விடறேன்'னாங்க."

அதை அவர் தன் குரலில்தான் சொன்னார். ஆனால் அந்தச் 'சும்மா இருங்க' அக்காவுடையது.

"நூலை வெட்டி எடுக்க நர்ஸம்மா ரெண்டு தடவை கத்தரியோட வந்துட்டாங்க" என்றாள் மனைவி. "இவர் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காங்களாம். இழுபறியில பல் பிடுங்கிக்கிட்டா ரத்தம் நிக்காதாம். அவங்களும் விட்டுட்டாங்க."

அவர் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். பல்லின் அடியில் கறுப்பு நூல், இரண்டு முடிச்சுப் போட்டபடி அப்படியே இருந்தது.