மறுவீடு வந்த மாப்பிள்ளையும் கார் பாலிஷும்

தங்கை கல்யாணத்துக்கு வாடகைக் கார் வேண்டாம், என் காரே போதும் என்று நான்தான் சொன்னேன். கருநீல நிறத்தில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி விடுமுறை நாட்களில் நானே கழுவுவேன். அலங்காரம் செய்ய வந்தவர்கள் மணமக்கள் பெயரைத் தெர்மாகோல் எழுத்துகளாக வெட்டி, டபுள் சைடு டேப் வைத்து பானெட் முழுக்க ஒட்டினார்கள். செங்கோட்டையில் மாப்பிள்ளை வீட்டில் தங்கையை விட்டுவிட்டுத் திரும்பிய பிறகு காரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. சாரல் நனைத்தது, நடுநடுவே வெயில் காய்ச்சியது. பிறகு எழுத்துகளைப் பிய்த்தபோது தெர்மாகோல் வந்தது, பசை வரவில்லை.

ஆனால் அப்போது என் கவலை காரைப் பற்றியது அல்ல. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மாப்பிள்ளை பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் நான்தான். வேலை, குடும்பம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்தேன். அவர் பேசித்தான் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று காபி போதும் என்றார். நிச்சயதார்த்தத்தில் தலையை மட்டும் ஆட்டினார். மணமேடையில் போட்டோ எடுத்தவர், "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் போன் செய்தபோது தங்கை, "நல்லா இருக்கேன்ணே" என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். தெருமுனைவரை கேட்கும்படி பேசுகிறவள் அவள். அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். அம்மாவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

மறுவீட்டுக்கு இருவரும் வந்தார்கள். மறுநாள் காலை வீட்டுக்குள் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பசையைச் சுரண்டக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மச்சான், என்ன பண்ணுதீங்க? பெயின்ட்டு போயிரும்."

மாப்பிள்ளைதான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

"வேற என்ன செய்ய மாப்ள? தண்ணில ஊற வச்சும் வரல."

"தேங்கா எண்ணெ தடவிப் பாப்போமா? பைக்ல ஸ்டிக்கர் எடுக்க எங்க வீட்ல அப்படித்தான் செய்வோம்."

அவர் என்னிடம் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தைகள் பேசியது அதுதான் முதல்முறை. எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்தோம். பசை கொழகொழவென்று திரண்டு வந்தது. தேய்க்கத் தேய்க்கப் பெயர்கள் கரைந்தன. பிறகு ஷாம்பூ கரைத்த தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினோம். துடைத்துப் பார்த்தால் பசை இருந்த இடத்தில் மட்டும் எழுத்துகளின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. பாலிஷை ஈரப் பஞ்சில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். பானெட்டின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். மெல்ல மெல்ல நிழலும் போய்விட்டது.

உற்சாகத்தில் வெயில் ஏறியதைக் கவனிக்கவில்லை. பளபளப்பு நிலைக்க, வாக்ஸ் டப்பாவைத் திறந்து கார் முழுக்கப் பூசிவிட்டோம். சூடான தகரத்தில் அது அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது. துடைத்தால் வரவில்லை, திட்டுத்திட்டாக வெளுத்தது. கருநீலக் கார் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது.

நாங்கள் இருவரும் மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கையில் தங்கை வெளியே வந்தாள். பார்த்தவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எம்மா, இங்கன வந்து பாரேன்! உன் மவனும் மருமவனும் காருக்குப் பவுடர் போட்டு வச்சிருக்காவ!"

நான் பயந்தே போனேன். வந்த இடத்தில் மாப்பிள்ளையைக் கேலி செய்கிறாளே என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

காரைத் தள்ளி வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோனோம். தகரம் ஆறியதும் காய்ந்த இடத்தில் கொஞ்சம் புது வாக்ஸைத் தடவினால் பழையது இளகும் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். கதவைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டா? அவ இஷ்டப்பட்டுத்தான கட்டிக்கிட்டா?"

"ஏன் மாப்ள அப்படிக் கேக்குதீங்க?"

"அன்னைக்கு நீங்க போன் பண்ணினப்போ ஒத்த வார்த்தைல பேசி வச்சிட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். நம்மளப் பிடிக்கலையோன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிட்டு. எனக்கு கூட்டத்துல பேச வராது மச்சான்."

நான் எதற்காகத் தவித்தேனோ அதற்காகவே இவரும் செங்கோட்டையில் தவித்திருக்கிறார். மோர் கொண்டு வந்த தங்கை, அவர் போனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

"அட, அதுக்கா? சுத்தி உங்க அத்தைமாரு, சித்திமாரு எல்லாரும் நிக்காவ. புதுப்பொண்ணு அவங்க முன்னால சத்தமா பேசுனா என்ன நெனப்பாவ? அதான் வச்சிட்டேன்." பிறகு அவர் கையில் டம்ளரைக் கொடுத்து, "பிடிக்காமலா அங்க வந்து இருக்கேன்?" என்றாள்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு காரைப் பார்த்துச் சிரித்தார். நான் டயரைத் துடைக்கிற சாக்கில் மறுபக்கம் போய்க் குனிந்துகொண்டேன். கண் கலங்கியிருந்தது. கல்யாணம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, மூச்சு இலகுவாக வந்தது.

சாயங்காலம் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் கிளம்பினோம். சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். முன்னால் தங்கை உட்கார்ந்து, வழியெல்லாம் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். இலஞ்சியைத் தாண்டும்போது சாரல் பிடித்தது. பளபளத்த பானெட்டில் மழைத்துளிகள் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடின. "பாருங்க மச்சான், தண்ணி ஒட்டவே மாட்டேங்கு" என்றார் அவர்.

பின்சீட்டில் நான் அதற்குள் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "காலைலேருந்து ரெண்டு பேரும் பவுடர் போட்டீங்கள்லா, பெறகு எப்படி ஒட்டும்?" என்று பதில் சொன்னது அம்மாதான்.