குங்குமம் வைத்த ரவுட்டர்

சென்ற புதன்கிழமை காலை, நாளிதழை நான் பிரிக்கும் முன்பே தொலைபேசி ஒலித்தது. திண்டிவனத்திலிருந்து ஏழுமலை.

“ஐயா, பேஜாராப் போச்சுங்க ஐயா. தேனு காலேஜை வுட்டுட்டு வேலைக்குப் போறேன்றா!”

ஏழுமலை என் பழைய மாணவர். விழுப்புரத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி நடத்துகிறார். ‘தேனு’ என்பவள் அவருடைய ஒரே மகள் தேன்மொழி. பெயர் சூட்டியவன் நான். திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத் தனியார் கல்லூரி ஒன்றில் பொறியியல் படிக்கிறாள். மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. எஞ்சியிருப்பது ஓராண்டு.

ஓராண்டு மட்டுமே இருக்கும்போது விட்டுவிடுவதா? கரைக்கு நாலு கை தூரத்தில் நீச்சலை நிறுத்துவார் உண்டா?

“என்ன வேலையாம்?”

“நெட்வொர்க்குங்க. மெட்ராஸ்ல கம்பெனி. லீவு நாள்ல உங்க ஊர்ல ஏதோ சென்டருக்குப் போய்க்கினு இருந்தா பாருங்க... அந்தப் பரீட்சை பாஸ் பண்ணிட்டாளாம். ஒண்ணாந் தேதி வந்து சேருன்றான். இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவானாம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கய்யா. நீங்க சொன்னாக் கேப்பா.”

கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, செய்தி போய்வர வழி அமைக்கும் தொழில் அது. வலையமைப்பு என்று நான் சொல்வேன். நெட்வொர்க்கிங் என்று தேன்மொழி திருத்துவாள். அத்தொழிலுக்குப் பொறியியல் பட்டம் வேண்டுமா, அல்லது சில திங்கள் பயின்று ஒரு தேர்வெழுதிப் பெறும் சான்றிதழே போதுமா? பிள்ளைகளைப் பெற்ற வாசகர் பலர் இக்கேள்வியை இந்தப் பத்திக்கு எழுதிக் கேட்டதுண்டு. பட்டமே என்று தயங்காமல் விடை எழுதியவன் நான்.

ஆயினும், எதிரியின் கோட்டையைப் பாராமல் போர்தொடுத்தல் முறையன்று. மறுநாள் காலை அந்தப் பயிற்சி மையத்தைத் தேடிப் போனேன். விழுப்புரம் இரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவுதான். கீழே கைப்பேசிக் கடை, மேலே மையம்.

உள்ளே மேசைமீது கருவிகள் திறந்தே கிடந்தன. மூடி கழன்றவை, விளிம்பு நசுங்கியவை, நீல வடங்கள் பின்னிப் பிணைந்தவை. செய்தி எவ்வழியே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரவுட்டர் என்னும் கருவிகள் அவையே என்றார் மையத்தை நடத்தும் பாஸ்கர். கண்ணுக்கு இனிய காட்சி இல்லைதான். ஆனால் அது என்னைத் திகைக்க வைக்கவில்லை.

திகைக்க வைத்தது மூலையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர் கூட்டம். கையில் தடித்த ஒளிநகற் கட்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் ஒப்பிக்கிறார், மற்றொருவர் சரிபார்க்கிறார்.

“கேள்வியோட மொத வார்த்தை ‘விச்’சுன்னு வந்து, கடைசி வார்த்தை ‘பாக்கெட்’டுன்னு வந்தா?”

“மூணாவது ஆன்சர்!”

“கரெக்டு மச்சி. அடுத்தது...”

என்ன இது என்று பாஸ்கரைக் கேட்டேன்.

“டம்ப்ஸுங்க சார். முன்னாடி எழுதினவங்க கேள்வியை ஞாபகம் வெச்சிக்கினு வந்து சொல்லிடுவாங்க. அதைச் சேத்து வெச்சிருக்கறது. பாதிக்கு மேல அப்படியே வரும்.”

“அப்படியானால்... கருவியைத் தொடாமலே தேறிவிடலாமா?”

“தாராளமா! கத்துக்கினு போறவனும் இருக்கான், மனப்பாடம் பண்ணிக்கினு போறவனும் இருக்கான். சர்டிஃபிகேட் என்னவோ ஒண்ணுதான் சார்.”

சொன்னவர் முகத்தில் நாணமோ தயக்கமோ இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். என் முகத்தைக் கண்டு இரக்கப்பட்டவர்போல் இன்னொன்றையும் சேர்த்தார்.

“அதுவும் மூணு வருசந்தான் சார் வேலிடிட்டி. அப்புறம் செல்லாது. திரும்ப எழுதணும்.”

கல்விக்குக் காலாவதியா? மருந்துக்கடை மாத்திரை அட்டையில் அச்சிட்டிருப்பதுபோல, கற்றவன் நெற்றியிலும் ஒரு தேதியா? என் முதுகலைப் பட்டம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் காலாவதியான பின்னும் அது செல்லும்!

சனிக்கிழமை பேருந்தேறினேன். விக்கிரவாண்டி தாண்டும் முன்பே என் வாதங்கள் அனைத்தும் வரிசைகட்டி நின்றுவிட்டன.

ஏழுமலையின் வீட்டுக்கூடத்தில் மூவரும் காத்திருந்தனர். அவருடைய மனைவி செல்வி காபி கொண்டுவந்து வைத்தார். தேன்மொழி சுவரோரம் நின்றாள். நான் நேரே செய்திக்கு வந்தேன். மையத்தில் கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மனப்பாடம் செய்து வாங்கிய தாளை நம்பி மூன்றாண்டுப் படிப்பை எறிவதா என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை.

“என்னையும் டம்ப்ஸ் படிச்சவன்னே முடிவு பண்ணிட்டீங்களா தாத்தா?”

“இல்லையென்று எப்படித் தெரியும்?”

“கம்பெனிக்காரங்களுக்கும் தெரியாதுல்ல? அதனாலதான் அவங்க சர்டிஃபிகேட்டைப் பாத்துட்டுக் கீழ வெச்சிட்டாங்க. ஒரு ரூமுக்குக் கூட்டிக்கினு போனாங்க. ரெண்டு ரவுட்டர், நாலு கம்ப்யூட்டர். ஒண்ணோட ஒண்ணு பேசல. ‘சரி பண்ணும்மா’ன்னுட்டு இன்டர்வியூ எடுத்தவர் டீ குடிக்கப் போய்ட்டாரு.”

“செய்தாயா?”

“அவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள! ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க தாத்தா. ரெண்டு வூட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா போஸ்ட்மேன் என்னா பண்ணுவாரு? அதான் விசயம்.”

ஏழுமலைக்கு அந்த நிலையிலும் பெருமை பொங்கிற்று. மீசையைத் தடவி மறைத்தார். செல்வியிடம் மறைக்கப் பெருமை இல்லை, அச்சம்தான் இருந்தது.

“அதெல்லாம் சரி. நாளைக்கு ஜாதகத்தை எடுத்தா மொதல்ல கேக்கறதே பொண்ணு என்னா படிச்சிருக்குன்னுதான். பன்னெண்டாவதுன்னு சொல்றதா? மூணு வருசம் காலேஜுக்குப் போனாளே, ஏன் நின்னான்னு அடுத்தது கேப்பான். அதுக்கு என்னா சொல்றது? போஸ்ட்மேன் கதையா சொல்றது?”

 அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. வேலை மூன்று ஆண்டில் போனால்? சான்றிதழ் செல்லாததானால்? அரைப்பொறியாளர் என்றொரு தகுதி இந்நாட்டில் உண்டா?

ஏழுமலை எழுந்தார். “ஐயா, இவ நம்ம பேச்சைக் கேக்க மாட்டா. காலேஜ்ல எச்.ஓ.டி. சாரைப் போய்ப் பாத்துடுவோம். அவரே சொல்லட்டும்.”

“போலாம்ப்பா. போயே ஆவணும்” என்றாள் தேன்மொழி. “லேபை மட்டும் தாத்தாவுக்குக் காட்டச் சொல்லுங்க.”

ஏழுமலையின் மாருதி வேனில் புறப்பட்டோம்.

துறைத்தலைவர் கனிவானவர். எனக்கு நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார். செய்தியைக் கேட்டதும் உண்மையாகவே வருந்தினார். நல்ல மாணவி, கல்லூரியின் பெயரைக் காப்பாற்றக்கூடியவள், இப்படியொரு முடிவா என்றார். நான் மகிழ்ந்தேன். பிறகு, ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“வாங்கய்யா! கண்டிப்பாப் பாக்கணும்.”

குளிரூட்டிய அறை. செருப்பை வெளியே விட்டோம். துடைத்து வைத்த தரை. சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட எஃகு அலமாரி. அதனுள், நெகிழி உறைகூடப் பிரிக்கப்படாமல், வரிசையாக ரவுட்டர்கள். ஒவ்வோர் உறையின்மேலும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். ஆயுதபூசைக்கு வைத்தது. அலமாரியின் கைப்பிடியில் காய்ந்த சாமந்திச் சரம். நடுவே பித்தளைப் பூட்டு.

“பாத்தீங்களா? வாங்கினப்ப எப்படி இருந்திச்சோ அப்படியே வெச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒரு ரிப்பேர் கெடையாது” என்றார் துறைத்தலைவர்.

பூட்டைப் பார்த்தபடி கேட்டேன்.

“மாணவர்கள்... எப்போது இயக்குவார்கள்?”

“இயக்கறதுன்னா... அவங்களுக்குச் செய்முறையைப் போர்டுலயே வரைஞ்சி காட்டிடுவோம். அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டுல எழுதிடுவாங்க. இன்ஸ்பெக்ஷன் வர்றப்ப ஒண்ணை மட்டும் உறையை லேசா வெலக்கி ஆன் பண்ணி, லைட் எரியறதைக் காட்டுவோம்.”

கருவியைப் பூசித்தல் நம் மரபு. அறிவேன். ஆனால் இயக்கிய கருவிக்குத்தானே ஆண்டுக்கொருநாள் ஓய்வும் பூசையும்? இங்கே ஆண்டு முழுவதும் பூசை. இயக்கம் என்பதே இல்லை! சந்நிதியின் முன் நிற்பதுபோல் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்தக் கணத்தில் என் வாதங்கள் அத்தனையும் கலைந்து போயின, வாசகர்களே. பட்டம் தருவோர் கருவியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் தருவோர் விடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு நான் எந்தப் பக்கம் கைகாட்டுவது?

ஏழுமலை அலமாரிக்கு அருகே சென்று கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

“மூணு வருசமா இப்படியேதான் இருக்குதா?”

“ஆமாம்ப்பா. பொட்டு மட்டும் வருசா வருசம் மாத்துவாங்க.”

அவர் துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். குரலில் பணிவு குறையவில்லை.

“சார், கோவிச்சிக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். இன்னும் ஒரு வருசம் இருக்குது. இதைத் தொறந்து புள்ளைங்க கையில குடுப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ எங்கயும் போவ மாட்டா. நான் பொறுப்பு.”

தேன்மொழியைப் பார்த்தேன். மறுப்பாள் என்று நினைத்தேன்.

“தொறந்து வுட்டா நான் போவல சார்” என்றாள். “கம்பெனிக்கு இன்னிக்கே சொல்லிடறேன்.”

இதைவிட எளிய பேரம் இருக்க முடியுமா? ஒரு பூட்டு. ஒரு சொல். ஒரு பெண்ணின் பட்டம், தாயின் நிம்மதி, தந்தையின் ஆசை, எல்லாம் அந்தப் பித்தளையில் தொங்கின.

துறைத்தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரறையில்!

“எனக்கு ஆசை இல்லியா சார்? ஒண்ணு கெட்டுப்போனா யார் பதில் சொல்றது? என் தலையிலதான் வுழும். சாவி கரெஸ்பாண்டென்ட் கிட்ட இருக்கு. அவர் சென்னையில... இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், பேசிப் பாக்கறேன்.”

“இன்ஸ்பெக்ஷன் எப்போங்க?”

“அதுதான் தெரியலைங்க. எப்ப வேணா வரலாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. அச்சம் என்பது ஒருவரை இத்தனை நேர்மையாகப் பேச வைக்கும் என்பதை அன்று கண்டேன்.

ஏழுமலை கைகூப்பினார். “மூட்டையைப் பிரிச்சிக் காட்டாதவங்கிட்ட நான் ஒரு படி மல்லாட்டை வாங்கினதில்ல சார். இவ படிப்பை மட்டும் கட்டு பிரிக்காமயே வாங்கிட்டேன். வர்றேன் சார்.”

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டோம்.  வேனுக்கு அருகில் வந்ததும் அவர் மகளைப் பார்த்தார்.

“போம்மா. ஒண்ணாந் தேதி நானே கொண்டுபோய் வுடறேன். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

மகிழ்ச்சியில் துள்ளுவாள் என்றெண்ணினேன். எத்தனை நாள் வாதாடியிருக்கிறாள்! என்னையே மடக்கியவள் அல்லவா? அவளோ கல்லூரிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். 

“என்னாம்மா?”

“பயமா இருக்குப்பா.”

 அந்த வாதங்கள், அந்த நிமிர்ந்த பார்வை, அந்த அஞ்சல்காரர் உவமை — இத்தனைக்கும் பின்னால் அச்சமா இருந்தது? எனில், துணிவு என்று நான் இதுகாறும் நினைத்திருந்தது எதை?

ஏழுமலை வண்டியைக் கிளப்பினார். “எனக்குந்தாம்மா. ஏறு, ஜல்தி. அம்மா ஒல வெச்சிருப்பா.”

பின்னிருக்கையில் இருந்த எனக்கும் அச்சமாகத்தான் இருந்தது. என்னை யார் கேட்டார்கள்?