சட்டைக்கும் சட்டைக்கும் சம்பந்தம்

இறக்கைத் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியோ அக்கா எங்கிருந்தோ அரிப்புப் பொடி வாங்கி வந்து தங்கை புருஷனின் ஜட்டிக்குள் தூவிவிட்டாளாம். அதனால்தான் ராணுவத்துக்குச் செய்த டிரோன் மூக்கு உடைந்து விழுந்ததாம். பொடி வெளிநாட்டுச் சரக்கு என்கிறான் ஒருத்தன். பொடியெல்லாம் சும்மா, மந்திரம் என்கிறான் இன்னொருத்தன். பேச்சுக்குக் கண், காது, மூக்கு வைத்து, மிச்சம் இருக்கட்டும் என்று மீசையும் வைத்துவிட்டார்கள். நடந்தது வேறு. பொடியைவிடப் பொல்லாதது. கேளுங்கள்.

அங்கே செய்வது காற்றாலைக்கு இறக்கை. ஒன்றைத் தரையில் கிடத்தினால் ஒரு தெருவே படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியைச் சுருக்கம் விழாமல் விரித்து, பிசின் ஏற்றி, இறுகியதும் எடுத்து, ஓரத்தைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டும். துணி விரிப்பதில் அக்காவின் கை பேசும். கையைவிட வாய் அதிகம் பேசும். யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை என்பதெல்லாம் முதல் துணி விரிப்பதற்குள் ஒலிபரப்பாகிவிடும். ரேடியோ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அக்காவின் புருஷன், அந்த இறக்கைகளை ஏற்றிப் போகிற நீள லாரியின் டிரைவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், கடன்காரன் மாதிரி போய்விடுவார். பெற்றவர்கள் போன பிறகு தங்கையை வளர்த்து, அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருத்தனுக்குக் கட்டிவைத்தவளும் அக்காதான். மாப்பிள்ளை கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டுவான். ஊர் அவனை 'டை' என்றே கூப்பிட்டது. மாடியில் அவர்கள், கீழே இவள். பின்பக்கம் ஒரு வாஷிங் மெஷின், இரண்டு வீட்டுக்கும் பொது.

அந்த மெஷினுக்கு ஒரு சட்டம் உண்டு. தொழிற்சாலைத் துணி அதற்குள் போகவே கூடாது. கண்ணாடி இழைத் தூள் தண்ணீரில் கரையாது. பக்கத்துத் துணிக்குக் குடிமாறிவிடும். கண்ணுக்கும் தெரியாது. போட்டவன் வியர்த்தால்தான் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்கிற எவனும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்துவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு சொறிந்துகொண்டு நிற்பான். "என்னடா, சம்பந்தம் பண்ணிட்டியா?" என்று சிரிப்பார்கள். வேலைச் சட்டைக்கும் வீட்டுச் சட்டைக்கும் கல்யாணம், சீதனம் அரிப்பு.

இப்படி இருக்கும்போது, தொழிற்சாலைக்கு ராணுவ வேலை ஒன்று வந்தது. ஆளில்லாத குட்டி விமானத்துக்கு இறக்கை. மேலே மெல்லிய சூரியத் தகடு ஒட்டியிருக்கும். வெயிலை வாங்கிக்கொண்டே பறக்கும். அதற்கென்று வெள்ளையாக ஒரு ஷெட் கட்டினார்கள். உள்ளே குளிர்ந்த காற்று, தூசு கிடையாது. அக்காவுக்கு அந்த ஷெட்டின் மேல் உயிர். கையெல்லாம் தடித்துப்போய், தொண்டை கரகரத்து, ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு கிடந்தவள் அவள். ஷெட்டுக்கு ஆள் எடுக்க வைத்த கைவேலைச் சோதனையில் முதல் ஆளாகத் தேறினாள்.

ராணுவ வேலையாயிற்றே, ஆள் எப்படி என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். உறவுக்காரன் என்று டையிடமும் கேட்டார். புது ஷெட்டுக்கு அவன்தான் சூப்பர்வைசர். அக்கா உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் "மாப்ளே, நேத்து கரப்பான் பூச்சியப் பாத்துட்டுக் கட்டில்மேல ஏறி நின்னீங்களாமே" என்பாள். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரொம்ப நல்லவங்க சார். ஆனா, அவங்க வாயில ஒண்ணும் தங்காது."

அவ்வளவுதான். ஷெட் போயிற்று. பழைய இடத்திலும் வேறு ஆள் வந்துவிட்டதால், அவளைக் கிரைண்டிங்குக்குத் தள்ளினார்கள். தொழிற்சாலையிலேயே தூசு அதிகம் பறக்கிற மூலை அது.

அவன் சொன்னது அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? அவன் பெருமையாகப் பெண்டாட்டியிடம் சொன்னான். அக்கா ரேடியோ என்றால் தங்கை டிரான்சிஸ்டர்.

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட கேட்டுராதக்கா."

"நான் ஏன்டி கேக்கப்போறேன்? நீ போய்ப் படு."

கேட்கவில்லை. முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, கூராகிப்போனது ஆத்திரம். தானே தேடிக் கட்டிவைத்த உறவு, தன் வாயை வைத்தே தன் வயிற்றில் அடித்ததை நினைத்து நினைத்துத் தேய்த்தாள். வீட்டில் அவனைப் பார்த்தால் மட்டும் "சாப்டீங்களா மாப்ளே?" என்று தேனாக ஒழுகினாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

டிரோனைப் பார்க்க ராணுவப் பெரியவர்கள் வருவதாக நாள் குறித்தார்கள். அந்தக் குட்டி விமானத்தைக் கையில் தூக்கி, ஓடிப்போய் வீச வேண்டும். அப்புறம் அது தானே பறக்கும். வீசுகிற மரியாதை டைக்கு. புது வெள்ளைச் சட்டை, புது பேன்ட். அவனாகவேதான் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா, மெஷின் போடறப்ப இதையும் போட்டுருங்க. புதுத் துணி, மொடமொடன்னு இருக்கு."

"குடுங்க மாப்ளே. உள்ள போடறதையும் குடுத்துருங்க. எல்லாம் ஒண்ணாவே வெளுக்கட்டும்."

வாளியில் தனியாக ஊறிக்கொண்டிருந்த கிரைண்டிங் துணியை எடுத்தாள். மெஷினில் போட்டாள். மேலே அவன் துணியைப் போட்டாள். மூடினாள். அது சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, மணமேடையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். காயவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் மாடிக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்றைக்கு வெயில் நெருப்பாக இருந்தது. தகட்டுக்கு வெயில் வேண்டும் என்று டையையும் மற்றவர்களையும் நடு மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முதலாளி பேசினார். டை முதலில் கழுத்தைத் தடவினான். பிறகு தோளைக் குலுக்கினான். வியர்க்க வியர்க்க, ஒற்றைக் காலில் நின்றான், காலை மாற்றினான். கிரைண்டிங் ஷெட் வாசலில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். "ஏய், பாருடி! சம்பந்தம்!"

அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள்.

வீசச் சொன்னார்கள். விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஓடினான். தூக்கிய கையின் அக்குளில் சட்டை உரசியதுதான் தாமதம், கை தன்னால் கீழே வந்தது சொறிய. விமானம் நேராகப் போய், விருந்தாளிகளுக்கு வைத்திருந்த டீ மேசையில் இறங்கியது. ஒரு பெரியவரின் மடியில் டீ. டையோ அதைக்கூடப் பார்க்காமல், டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தான். வேறொருத்தன் இன்னொரு விமானத்தை வீச, அது அழகாகப் பறந்தது. ஆர்டர் தப்பியது. டை தப்பவில்லை, இறக்கை அடுக்குகிற வெட்டவெளிக்கு மாற்றினார்கள்.

"என் பொழப்பக் கெடுத்துட்டீங்களேக்கா!" என்று வீட்டில் கத்தினான்.

"முதுகுக்கு எண்ணெய் தடவிக்குங்க மாப்ளே. சொறிஞ்சா இன்னும் ஏறும்."

தங்கை மாடிக்கு ஏறிப் போனாள். மாடிக்கதவு சாத்தியது சாத்தியதுதான். அக்காவுக்கு அது மட்டும் சுருக்கென்றது. ஆனாலும், அவன் படியில் நெளிந்து நெளிந்து இறங்குகிற ஒவ்வொரு காலையும் அவளுக்கு டீ இனித்தது.

பிறகு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் மூடப் பார்ப்பவர்.

"உக்காரும்மா. நீ ஏதோ பொடி தூவிட்டன்னு கேன்டீன்ல பேசிக்கறாங்க. நான் நம்பல. துணி தவறிக் கலந்திருக்கும், அது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே? அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பழி வாங்குறவங்கள மட்டும் ராணுவ வேலைக்கு எடுக்க மாட்டாங்க. மத்தபடி, உன் வாய் விஷயத்த நான் அதிகாரிகிட்ட பேசிக்கறேன், வெள்ளை ஷெட்ல ஒரு இடம் காலியா இருக்கு. உன் கைக்கு அங்க மதிப்பு உண்டு."

ஜன்னலுக்கு வெளியே அந்த ஷெட் தெரிந்தது. யாரோ கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு, தடித்த முழங்கையைத் தேய்த்தாள். ஒரு தடவை இருமினாள். தவறிப்போச்சு சார் என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தவறிப்போய் நடந்தது என்றால், அவனும் தவறிப்போய்த்தானே சொறிந்ததாக ஆகும். அவள் கொடுத்ததாக ஆகாதே.

"பொடி தூவல சார்," என்றாள். "துவைச்சேன். தெரிஞ்சேதான் துவைச்சேன். ஜட்டியையும் சேத்து."