எங்கள் வீட்டு ஸ்டெராய்டு

இரண்டாவது பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் என் அண்ணி நர்சிங் படிக்கப் போனாள். அண்ணி என்றாலும் என் வயதுதான், அதனால் அவள் என்றே சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் அம்மா பார்த்துக்கொண்டாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருந்துப் பாடம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. போன முறை வாய்மொழித் தேர்வில் பேந்தப் பேந்த விழித்துவிட்டு வந்தாள். இந்த முறையும் கோட்டை விட்டால் படிப்பே அம்போ.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, எங்கள் குடும்பம்: ஆளுக்கு ஒரு மருந்து. அப்பா வலி மாத்திரை. நல்லவர்தான், ஆனால் வெறும் வயிற்றில் அவரிடம் போகக் கூடாது, எரிச்சல்தான் மிஞ்சும். என் அண்ணன் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர். வீடே தலைகீழானாலும் அவனுக்கு நாடி ஏறாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு மட்டும் ஆகவே ஆகாது, அவன் சிகரெட் அப்படி. நான் நீர் மாத்திரையாம்! வெளியூரிலிருந்து நான் வந்தால் ஒருவரும் உட்கார முடியாதாம், ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். போகும்போது பொட்டாசியத்தையும் கையோடு கொண்டுபோய்விடுவேனாம். ஒரே ஒரு தடவை, பொட்டாசியம் நிறைந்ததாம், வாழைப்பழச் சீப்பை எடுத்துப் போனதற்கு இந்தப் பட்டம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பாடம் அவளுக்கு மறக்கவே இல்லை.

அம்மா எந்த மருந்து என்று மட்டும் அண்ணி சொல்ல மாட்டேன் என்றாள்.

"சொன்னா நீ போய் வத்தி வெச்சிடுவ."

நியாயமான பயம்தான்.

தேர்வன்று தேர்வாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: "ஸ்டெராய்டு பத்தி சொல்லுங்க."

பதற்றத்தில் அண்ணி வாயிலிருந்து வந்த முதல் சொல், "அத்தை."

"எந்த அத்தை?"

"என் மாமியார் மேடம்."

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தாளாம். தேர்வாளரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேல சொல்லுங்க" என்றாராம். அண்ணி மடை திறந்தது போல் கொட்டிவிட்டாள். தேறியும்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தேறிய சந்தோஷத்தில் இதை அவளே உளறினாள். நான் வத்தி வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நான் ஸ்டெராய்டா? அப்படின்னா?" அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"வந்த உடனே வீக்கம், எரிச்சல் எல்லாத்தையும் அடக்கிடும் அத்தை."

"அது சரி. அப்புறம்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரொம்ப நாள் ஆனா சர்க்கரை ஏறும். முகம் உப்பும். எலும்பு தேயும்."

"தேயறது என் எலும்புடி! உன் பிள்ளைங்க பின்னாடி ஓடி ஓடி! அதையும் சொன்னியா?"

"இன்னொண்ணு சொன்னேன் அத்தை. திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு."

"நிறுத்தினா?"

"அந்த மருந்து பாத்துக்கும்னு உடம்பு தன் வேலையையே விட்டுட்டிருக்கும். சட்டுனு நிறுத்தினா சுருண்டு விழுந்துடும்." அண்ணியின் குரல் உடைந்தது. "அதைச் சொல்லும்போதுதான் மேடம் முன்னாடியே அழுதுட்டேன்."

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, இளையவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தாள்.

"நிறுத்தறாளாம் நிறுத்த. வேலைக்கு எப்ப சேரணும், அதைச் சொல்லு முதல்ல."